கேள்வி-பதில்: கண்ணு எதை விடுதோ அதை கம்ப்யூட்டரும் விடணும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கம்ப்யூட்டர் வரையுற ஓவியத்த பத்தித்தான் இருந்துச்சு, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு மொத்த பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டோம். பேர் போட வேணாம்னு பல பேர் கேட்டிருந்ததால யாரோட பேரும் போடல.

கேள்வி: போட்டோவ ஆயில் பெயிண்டிங்கா மாத்துற ஆப் நிறைய போட்டு பாத்துட்டேன் சார். முதல்ல பாக்க சூப்பரா இருக்கு, கொஞ்ச நேரத்துல என்னவோ எல்லாம் மழமழன்னு பொய்யா தெரியுது. நிஜ ஓவியத்த பாத்தா அப்படி தோண மாட்டேங்குதே, ஏன்?

பதில்: அந்த ஆப் படத்தோட எல்லா இடத்தையும் ஒரே மாதிரி நடத்துது, அதான் விஷயம். இந்த மாதிரி எஃபெக்ட் நிறையத்துக்கு உள்ள இருக்கிறது குவஹாரா ஃபில்டர், இல்லன்னா அதோட சொந்தக்காரன் ஏதாவது ஒண்ணு. வேடிக்கை என்னன்னா அது ஓவியத்துக்காக வந்ததே இல்ல, 1976-ல ஜப்பான்காரங்க இதயத்த எடுத்த மருத்துவப் படங்கள்ல இருக்கிற புள்ளி புள்ளியான இரைச்சல குறைக்கிறதுக்கு பண்ணது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சுத்தி நாலு சின்ன சதுரம் எடுத்துக்கும், அந்த நாலுல எதுல நிறம் ரொம்ப ஏறி இறங்காம சீரா இருக்கோ அதோட சராசரிய இந்த பிக்சலுக்கு குடுத்துடும், அவ்ளோதான். இதனால விளிம்பு மங்காது, ஆனா நடுப்பகுதியெல்லாம் திட்டு திட்டா தட்டையாகிடும், அத பாத்ததும் நம்ம கண்ணுக்கு பெயிண்ட் அப்பின மாதிரி இருக்கு. 2009-ல வந்த ஒரு மேம்பட்ட வகை அந்த சதுரத்துக்கு பதிலா விளிம்பு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமா நீண்ட வட்டத்த போட்டுச்சு, அதுல முடி, புல்லு எல்லாம் ஒரு ஓட்டமா வரும், பாக்க இன்னும் நல்லா இருக்கும்.

ஆனா எத்தன நல்லா இருந்தாலும் கண்ணிமைக்கும் பின்னாடி இருக்கிற சுவத்துக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. முகத்துல எவ்ளோ விவரத்த தூக்குதோ அவ்ளோதான் சுவத்துலயும் தூக்கும். ஒரு ஓவியர் அப்படி பண்ணவே மாட்டார். அவர் கண்ணு, மூக்கு நுனி, விரல் இங்கல்லாம் சின்ன பிரஷ்ல உக்காந்து வேல பாத்துட்டு சட்டை மடிப்ப நாலு இழுப்புல முடிச்சுடுவார், பின்னணிய அதுக்கும் கம்மியா. எல்லா வாத்தியத்தையும் ஒரே வால்யூம்ல வச்சா பாட்டு எங்க இருக்குன்னே தெரியாதுல்ல, உங்க ஆப் பண்றது அதான். அவசரத்துக்கு ஒரு வைத்தியம் சொல்றேன்: எடிட்டர்ல ஒரே போட்டோவ ரெண்டு லேயரா வச்சு, கீழ இருக்கிறதுக்கு ஃபில்டர முரட்டுத்தனமா போடுங்க, மேல இருக்கிறதுக்கு மெலிசா போடுங்க, அப்புறம் மேல் லேயர்ல கண்ணு வாய் இருக்கிற இடத்த மட்டும் மாஸ்க் போட்டு வச்சுக்கிட்டு மிச்சத்த அழிச்சுடுங்க, விளிம்பு மட்டும் பளிச்னு தெரியாம மங்கலா இருக்கட்டும். உடனே படம் வேற மாதிரி ஆகிடும், பாருங்க.

கேள்வி: கண்ணு ஒரு கேமராதான்னு ஸ்கூல்ல படிச்சோம். அப்போ போட்டோதானே நிஜம், ஓவியம் எப்படி "கண்ணு பாக்குற மாதிரி" ஆகும்?

பதில்: லென்ஸ் வரைக்கும் கேமராதான், அதுக்கு பின்னாடி கேமராவே இல்ல. விழித்திரைக்கு நடுவுல ஃபோவியான்னு ஒரு குட்டி பள்ளம் இருக்கு, கூர்மையா பாக்குறதெல்லாம் அங்கதான். கைய நீட்டி கட்டைவிரல தூக்கி பிடிங்க, அந்த நகம் எவ்ளோ அகலமோ கிட்டத்தட்ட அவ்ளோதான் அந்த கூர்மையான பகுதி, ரெண்டு டிகிரி சுமாருக்கு. அதுக்கு வெளிய போகப் போக மங்கல், எழுத்து படிக்க முடியாது, நிறமும் அவ்ளோ சரியா தெரியாது. நம்பிக்கை இல்லன்னா இந்த வரியில ஒரு எழுத்த மட்டும் வெறிச்சு பாத்துக்கிட்டே ரெண்டு வரி கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சு பாருங்க.

அப்புறம் எப்படி எல்லாமே தெளிவா இருக்கிற மாதிரி தெரியுதுன்னா, கண்ணு செகண்டுக்கு மூணு நாலு தடவ தாவிக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தாவல்லயும் ஒரு துண்டு, மூளை அதையெல்லாம் சேத்து வச்சு "முழுசா பாத்துட்டேன்"னு நம்மகிட்ட சொல்லிடுது. விழித்திரையில ஒளிய உணர்ற செல் பன்னெண்டு கோடிக்கு மேல, ஆனா அங்கேருந்து மூளைக்கு போற நரம்பு இழை சுமார் பத்து லட்சம்தான், அப்போ கண்ணுக்குள்ளயே எவ்ளோ வெட்டி சுருக்கி அனுப்புறாங்கன்னு கணக்கு போட்டுக்கோங்க. போட்டோ இந்த எந்த வெட்டுக்கும் முன்னாடி இருக்கிற சரக்கு. ஓவியம் வெட்டுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஓவியம் போட கத்துக்குடுக்கணும்னா பிரஷ் தடத்த கத்துக்குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த வெட்ட கத்துக்குடுக்கணும்ங்கிறதுதான் என் கட்சி, மத்த கேள்விக்கெல்லாம் நான் இதே கட்சியிலேருந்துதான் பதில் சொல்லப் போறேன்னு இப்பவே சொல்லிடறேன்.

கேள்வி: சரி, எந்த இடம் முக்கியம்னு மெஷினுக்கு எப்படி தெரியும்? யாராவது சொல்லிக் குடுக்கணுமா?

பதில்: ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மனுஷன் கண்ணையே கேக்கிறது. 2002-ல அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல டக் டிகார்லோவும் ஆந்தனி சான்டெல்லாவும் இத ரொம்ப அழகா பண்ணாங்க. ஒரு ஆள போட்டோ முன்னாடி உக்கார வச்சு கொஞ்ச நேரம் சும்மா பாருங்கன்னு சொல்லிட்டு அவர் கண்ணு எங்க எங்க நின்னுச்சு எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு ஐ-டிராக்கர்ல பதிவு பண்ணிக்கிட்டாங்க. அந்த போட்டோவ ஏற்கனவே பெரிய திட்டு, அதுக்குள்ள சின்ன திட்டு, அதுக்குள்ள இன்னும் சின்ன திட்டுன்னு அடுக்கடுக்கா பிரிச்சு வச்சிருப்பாங்க. கண்ணு நின்ன இடத்துல சின்ன திட்டு வரைக்கும் இறங்குவாங்க, நிக்காத இடத்துல பெரிய திட்டோட நிறுத்திக்குவாங்க. எவ்ளோ இறங்கணும்ங்கிறத குத்துமதிப்பா வைக்கல, கண்ணு பாத்த புள்ளியிலேருந்து தள்ளிப் போகப் போக எவ்ளோ மெல்லிசான விவரம் வரைக்கும் மனுஷனுக்கு தெரியும்னு பார்வை ஆராய்ச்சிக்காரங்க அளந்து வச்சிருக்கிற கணக்கு இருக்கே, அதையே எடுத்து போட்டுக்கிட்டாங்க. பாத்த ஆளுக்கு தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லாத விவரம் படத்துலயும் இருக்காது. தட்டையான நிறமும் தடிச்ச கோடுமா வர்ற அந்த படங்கள பாத்தா யாரோ கைதேர்ந்த ஆள் போட்ட மாதிரி இருக்கும். 2004-ல இதே ரெண்டு பேரும் திருப்பி சோதிச்சு பாத்தாங்க, விவரம் எங்க விட்டு வச்சிருக்கோ அங்கதான் புதுசா பாக்குறவங்க கண்ணும் போய் குவியுதுன்னு தெரிஞ்சுச்சு. அதாவது முதல் ஆளோட பார்வைய ரெண்டாவது ஆளுக்கு கடத்திட்டாங்க.

இன்னொரு வழி, கண்ணு எங்க போகும்னு கணக்கு போட்டு ஊகிக்கிறது. 1998-ல லாரன்ட் இட்டி, கிறிஸ்டாஃப் கோக், எர்ன்ஸ்ட் நீபர் மூணு பேரும் குடுத்த மாடல் இதுக்கு பேர் போனது. நிறம், வெளிச்சம், கோட்டோட சாய்வு இந்த மூணுலயும் சுத்தி இருக்கிறதுலேருந்து எது தனிச்சு நிக்குதோ அதுக்கு மார்க் போட்டு ஒரு மேப் பண்ணிடும். பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு இருந்தா உடனே மாட்டிக்கும். சல்லிசான வழி, யாரையும் உக்கார வைக்க வேணாம், ஆனா மண்டு. ஒரு ஓரத்துல பளபளன்னு ஒரு பாலிதீன் கவர் கிடந்தா அதுக்கு முழு மார்க் போட்டுட்டு நடுவுல அழுதுக்கிட்டு நிக்கிற குழந்தைய விட்டுடும். அதனால முகத்த கண்டுபிடிக்கிற புரோகிராம தனியா மேல சேக்கிறது நல்லது.

கேள்வி: எல்லாரும் ஒரே படத்த ஒரே மாதிரியா பாப்பாங்க? நான் பாக்குறதும் என் தங்கச்சி பாக்குறதும் வேறயா இருக்குமே.

பதில்: நீங்களே ரெண்டு தடவ ஒரே மாதிரி பாக்க மாட்டீங்க. ரஷ்யாக்காரர் ஆல்ஃபிரட் யார்பஸ் 1960-கள்லயே இத காட்டிட்டார். இலியா ரெப்பின் வரைஞ்ச ஒரு ஓவியம், ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தர் திடீர்னு வீட்டுக்குள்ள நுழையுறார், வீட்ல இருக்கிறவங்க திரும்பி பாக்குறாங்க. ஒரே ஆள்கிட்ட அத காட்டி ஒரு தடவ சும்மா பாருங்கன்னார், ஒரு தடவ இவங்களோட வயசு என்னன்னு சொல்லுங்கன்னார், ஒரு தடவ இந்த குடும்பம் வசதியானதான்னு கேட்டார், ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணு போன பாதை முழுசா மாறிடுச்சு. வயசு கேட்டா முகம் முகமா தாவுது, வசதி கேட்டா சாமான் பக்கமும் துணிமணி பக்கமும் போகுது. அதனால மேல சொன்ன இட்டி மாடல் மாதிரி ஒண்ணு, கேள்வியே இல்லாம சும்மா பாக்குறப்போ முதல் சில தாவல் எங்க போகும்ங்கிறத வேணா ஓரளவு சொல்லும், எதுக்காக பாக்குறீங்கன்னு அதுக்கு தெரியாது. ஓவியருக்கு அது தெரியும். இந்த இடத்துல இன்னிக்கு வரைக்கும் மெஷின் பின்னாடிதான் நிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: ரெம்பிராண்ட் படத்துல ஒரு கண்ணு தெளிவாவும் இன்னொரு கண்ணு மங்கலாவும் இருக்கே, வயசானதால கை நடுக்கமா?

பதில்: கை நடுக்கமெல்லாம் இல்லங்க, மனுஷன் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கார். கனடாவுல சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்துல இருக்கிற ஸ்டீவ் டிபாவ்லா, பார்வை உளவியல் படிச்ச ஜேம்ஸ் என்ஸ், கூட இன்னொரு ஆராய்ச்சியாளர், சேந்து 2010-ல ஒரு கட்டுரை போட்டாங்க. ரெம்பிராண்ட் கடைசி காலத்துல போட்ட முகப்படங்கள்ல இருக்கிற அதே போஸ்ல, அதே வெளிச்சத்துல இப்ப இருக்கிற ஆளுங்கள நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, அந்த போட்டோவ டிபாவ்லாவோட பெயின்டிங் புரோகிராம் வழியா ரெம்பிராண்ட் பாணியில மாத்தினாங்க, அதுல எந்த கண்ணு பக்கம் தெளிவு எந்த கண்ணு பக்கம் மங்கல்ங்கிறத மட்டும் மாத்தி மாத்தி போட்டு, பாக்குறவங்க கண்ண டிராக் பண்ணாங்க. தெளிவு எந்தப் பக்கம் போச்சோ பார்வையும் அந்தப் பக்கமே போய் நின்னுச்சு.

எனக்கு இந்த சோதனையில ரொம்ப பிடிச்சது என்னன்னா, கம்ப்யூட்டர் இல்லாம இத பண்ணவே முடியாது. ஒரு ஓவியர்கிட்ட போய் "இதே படத்த அப்படியே, இடது கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கலா, மத்தது எதுவும் மாறாம, இன்னொரு தடவ போட்டு குடுங்க"ன்னா அவர் நம்மள துரத்திடுவார், போட்டாலும் மத்த இடத்துல நிச்சயம் ஏதாவது மாறியிருக்கும். புரோகிராமுக்கு ஒரு நம்பர மாத்தினா போதும். அதனால பார்வை ஆராய்ச்சியிலேருந்து ஓவிய புரோகிராம் வாங்கிக்கிட்டது ஒரு பக்கம்னா, ஓவிய புரோகிராமால பார்வை ஆராய்ச்சிக்கு கிடைச்சது இன்னொரு பக்கம், வட்டியோட திருப்பி குடுத்தாச்சு.

கேள்வி: வெறும் நாலு கோடு போட்டா கூட ஆள் யாருன்னு தெரிஞ்சுடுதே, எப்படி? நிஜத்துல முகத்த சுத்தி கருப்பு கோடு இல்லையே.

பதில்: உங்க கண்ணுக்குள்ள இருக்கு. 1953-ல ஸ்டீஃபன் கஃப்லர் பூனையோட விழித்திரையில அளந்து பாத்தப்போ, ஒவ்வொரு செல்லும் தனக்கு நேரா இருக்கிற சின்ன வட்டத்துல வெளிச்சம் விழுந்தா உற்சாகமாகி அத சுத்தின வளையத்துல வெளிச்சம் விழுந்தா அடங்கிடுது, இல்லன்னா நேர் எதிரா பண்ணுதுன்னு தெரிஞ்சுச்சு. ரெண்டுலயும் சமமா வெளிச்சம் இருந்தா பெருசா எதுவும் சொல்லாது. அப்போ தட்டையான இடத்த பத்தி செய்தியே கம்மி, வெளிச்சம் மாறுற விளிம்புலதான் சத்தம் போடுது. அப்புறம் ஹூபல், வீசல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூளைக்குள்ள குறிப்பிட்ட சாய்வுல இருக்கிற கோட்டுக்கு மட்டும் துடிக்கிற செல்ல கண்டுபிடிச்சாங்க, 1981-ல நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது.

கம்ப்யூட்டர்ல இத பண்றது ரொம்ப ஈசி. படத்த கொஞ்சமா ஒரு தடவ மங்கலாக்குங்க, இன்னும் கொஞ்சம் அதிகமா ஒரு தடவ மங்கலாக்குங்க, ஒண்ணுலேருந்து ஒண்ண கழிச்சுடுங்க. விளிம்பு மட்டும் மிச்சம் இருக்கும். 2006-ல வின்னமோலர், ஓல்சன், கூச் மூணு பேரும் இந்த கழித்தல் கோட்டையும், விளிம்ப விட்டுட்டு நடுவ மட்டும் வழவழப்பாக்குற இன்னொரு ஃபில்டரையும் சேத்து ஓடுற வீடியோவ உடனுக்குடன் கார்ட்டூன் மாதிரி மாத்திக் காட்டினாங்க. அப்புறம் ஆளுங்கள வச்சு சோதிச்சாங்க, தெரிஞ்ச முகத்த அடையாளம் சொல்றதுல மாத்தின படம் போட்டோவ விட வேகமா இருந்துச்சு. விவரம் கம்மி, அடையாளம் சீக்கிரம்.

கேள்வி: மோனே போட்ட சூரிய உதயத்துல அந்த ஆரஞ்சு சூரியன் துடிக்கிற மாதிரி இருக்கே, பிரமையா?

பதில்: பிரமைதான், ஆனா எல்லாருக்கும் வர்ற பிரமை. 1872-ல போட்ட அந்த படத்த போன்ல கருப்பு வெள்ளையா மாத்தி பாருங்க, சூரியன் கிட்டத்தட்ட காணாம போயிடும். நிறத்துல நெருப்பா இருக்கு, ஆனா வெளிச்ச அளவுல சுத்தி இருக்கிற மேகமும் அதுவும் ஒண்ணுதான். ஹார்வர்டு நரம்பியல் ஆராய்ச்சியாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதுக்கு குடுக்கிற விளக்கம்: ஒரு பொருள் எங்க இருக்கு, நகருதாங்கிறத கவனிக்கிற மூளை பாதைக்கு நிறம் தெரியாது, வெளிச்ச வித்தியாசம்தான் தெரியும், அதுக்கு இந்த சூரியன் கண்ணுலயே படல, நிறத்த பாக்குற பாதைக்கு மட்டும் பளிச்னு தெரியுது, ஒரு பக்கம் இருக்குங்கிறான் ஒரு பக்கம் இல்லைங்கிறான், அதனால இடத்துல நிலையா நிக்காத மாதிரி ஆகிடுது. மோனா லிசா சிரிப்புக்கும் அவங்க விளக்கம் இதே ஜாதிதான், சிரிப்பு மங்கலான பெரிய நிழல்கள்ல இருக்கு, ஓரக்கண்ணால பாத்தா தெரியும், நேரா உதட்ட பாத்தா கூர்மையான பார்வை அந்த பெரிய நிழல விட்டுடும்.

புரோகிராம் எழுதுறவங்களுக்கு இதுல ஒரு சேதி இருக்கு. வெளிச்சத்தையும் நிறத்தையும் சேத்து குழப்பாதீங்க. நிறத்த சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண்ணா வைக்கிற ஆர்ஜிபி-ல ரெண்டு நிறத்துக்கு நடுவுல இருக்கிற தூரத்த கழிச்சு பாக்குறது மெஷினுக்கு சரி, கண்ணுக்கு சரி இல்ல, பச்சையில ஒரு அளவு மாறினா கண்ணுல குத்தும், நீலத்துல அதே அளவு மாறினா தெரியவே தெரியாது. 1976-லயே வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் அளவு வகுக்கிற சிஐஇங்கிற சர்வதேச அமைப்பு எல்-ஏ-பின்னு ஒரு முறை குடுத்திருக்கு, எல் வெளிச்சத்துக்கு, மத்த ரெண்டும் நிறத்துக்கு, அதுல தூரம்னா ஓரளவுக்கு கண்ணுக்கு தெரியுற தூரம். அதுக்கு மாத்திக்கிட்டு வெளிச்சத்த பத்திரமா வச்சுக்கோங்க, நிறத்துல தாராளமா விளையாடுங்க, மோனே மாதிரி இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியருங்க நிழல ஊதாவுல போட்டும் நிழலாவே தெரியுதுன்னா இதனாலதான்.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். புராஜெக்ட்டுக்கு பெயின்டிங் புரோகிராம் ஒண்ணு நானே எழுதணும், ஏஐ இல்லாம. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: ஆரம்பம்னா 1990, சிலிக்கான் கிராஃபிக்ஸ்ல இருந்த பால் ஹேபர்லி. அவர் பண்ணது ரொம்ப சிம்பிள், வெள்ளை கேன்வாஸுக்கு கீழ போட்டோ ஒளிஞ்சிருக்கும், நீங்க மவுஸ எங்க வைக்கிறீங்களோ அந்த இடத்து நிறத்த போட்டோலேருந்து எடுத்து ஒரு தீற்றல் விழும். எங்க பெரிய பிரஷ், எங்க சின்ன பிரஷ்னு முடிவு பண்றது நீங்க. அத ஒரு சாயங்காலத்துல எழுதிடலாம், முதல்ல அத எழுதுங்க, எவ்ளோ விஷயம் மனுஷன் கையில இருக்குன்னு அப்பத்தான் புரியும்.

அப்புறம் 1998-ல ஆரன் ஹெர்ட்ஸ்மன் எழுதின முறைக்கு போங்க, அது மவுஸ் இல்லாம தானா போடும். போட்டோவ நல்லா மங்கலாக்கி அத பாத்து பெரிய பிரஷ்ல முழுசா ஒரு சுத்து. அப்புறம் கம்மியா மங்கலாக்கி அதையும் கேன்வாஸையும் கட்டம் கட்டமா ஒப்பிடுங்க, வித்தியாசம் ஒரு அளவுக்கு மேல இருந்தா மட்டும் அந்த கட்டத்துல எங்க தப்பு ரொம்ப அதிகமோ அங்கேருந்து நடு சைஸ் பிரஷ்ல ஒரு ஸ்ட்ரோக். அதே மாதிரி சின்ன பிரஷ். ஸ்ட்ரோக் நேர்கோடா போகக் கூடாது, வெளிச்சம் எந்தப் பக்கம் வேகமா மாறுதோ அதுக்கு குறுக்கா வளைஞ்சு போகணும், ஓவியர் கன்னத்து வளைவோட பிரஷ்ஷ இழுக்கிறது அப்படித்தான். கன்னத்துலேருந்து வளைஞ்சு போயி நிறம் ரொம்ப மாறிட்டா அங்க நிறுத்திடணும். அவ்ளோதான் மொத்த சமாச்சாரமும்.

இப்போ நீங்க சேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த "ஒரு அளவுக்கு மேல"ங்கிற எண்ண படம் முழுக்க ஒரே எண்ணா வைக்காதீங்க. முகம், கண்ணு இருக்கிற இடத்துல எண்ண குறைச்சு வைங்க, சின்ன பிரஷ் தானா அங்க ஓடி வரும். ஓரத்துல ஏத்தி வைங்க, பெரிய பிரஷ்ஷோட நின்னுடும். ஒரே ஒரு வரி மாத்தம், அதுல படம் தலைகீழா மாறுறத உங்க கைடுகிட்ட ரெண்டு படத்த பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுங்க, பேசாமலே மார்க் போடுவார்.

கேள்வி: இதையே வீடியோவுக்கு போட்டா ஏன் கொதிக்கிற மாதிரி ஆகிடுது?

பதில்: ஒவ்வொரு ஃப்ரேமையும் புது படமா நினைச்சு புதுசா ஸ்ட்ரோக் போட்டா அப்படித்தான் ஆகும், தீற்றலெல்லாம் இங்கேயும் அங்கேயும் குதிக்கும், கண்ணு அசைவுக்கு உடனே திரும்புற ஜந்து, அதனால கதைய விட்டுட்டு குதிக்கிற பெயிண்டத்தான் பாக்கும். சரின்னு ஸ்ட்ரோக்க திரையிலயே ஒரே இடத்துல ஒட்டி வச்சா இன்னொரு தொல்ல, கண்ணாடிக் கதவுக்கு பின்னாடி ஆள் நடக்குற மாதிரி இருக்கும். 1996-ல டிஸ்னியில இருந்த பார்பரா மையர் ஸ்ட்ரோக்க முப்பரிமாண உருவத்தோட மேற்பரப்புலயே புள்ளி புள்ளியா ஒட்டிட்டாங்க, உருவம் நகந்தா அதுவும் கூடவே நகரும். 1997-ல பீட்டர் லிட்வினோவிச் சாதா வீடியோவுக்கு வழி சொன்னார், ஒவ்வொரு பிக்சலும் அடுத்த ஃப்ரேம்ல எங்க போச்சுன்னு கணிச்சு ஸ்ட்ரோக்கையும் அங்க தள்ளிடறது. இன்னிக்கும் அடிப்படை அதான்.

கேள்வி: ஏஐ-கிட்ட "வான்கா மாதிரி போடு"ன்னா போட்டுடுதே, அதுக்கும் மனுஷ பார்வைக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கு, ஆனா ஜாக்கிரதையா பேசணும். 2015-ல ஜெர்மனியில டூபிங்கன்ல கேட்டிஸ், எக்கர், பெத்கே மூணு பேரும் போட்ட கட்டுரையிலதான் இந்த அலை கிளம்புச்சு, ஆத்தங்கரை வீடுங்க போட்டோ ஒண்ண வான்கா, டர்னர், மங்க் பாணியிலெல்லாம் மாத்தி காட்டினாங்க. பொருள அடையாளம் காண பழக்கின ஒரு நியூரல் நெட்வொர்க்க (நிறைய படம் பாத்து தானா கத்துக்கிற, அடுக்கடுக்கா இருக்கிற புரோகிராம்) எடுத்து, அதோட மேல் அடுக்குல இருக்கிறது "படத்துல என்ன இருக்கு", பல அடுக்குல எந்த எந்த அம்சம் சேந்து சேந்து வருதுங்கிற கணக்கு "பாணி"ன்னு பிரிச்சாங்க. அந்த சேந்து வர்ற கணக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா, 2000-ல போர்ட்டில்லா, சைமன்செல்லி ரெண்டு பேரும் மனுஷ கண்ணுக்கு ரெண்டு டெக்ஸ்சர் (துணி, மணல் மாதிரி மேற்பரப்போட தோற்றம்) எப்போ ஒண்ணா தெரியும்னு ஆராஞ்சதுலேருந்து. அதுவரைக்கும் நல்ல பரம்பரை.

ஆனா அதே டூபிங்கன்லேருந்து 2019-ல ராபர்ட் கைர்ஹோஸும் மத்தவங்களும் ஒரு வெடிய போட்டாங்க. பூனை உருவம், அதுக்கு யானைத் தோலு, இப்படி ஒரு படத்த காட்டினா மனுஷன் பூனைன்னு சொல்றான், நெட்வொர்க் யானைங்குது. அதாவது அது பாக்குறது தோல, நம்ம பாக்குறது உருவத்த. இதுக்கு அவங்க பண்ண மருந்துதான் எனக்கு பிடிச்ச இடம், லட்சக்கணக்கான போட்டோவ கண்டபடி ஓவிய பாணியில மாத்தி, தோல நம்ப முடியாத மாதிரி ஆக்கி, அத வச்சு நெட்வொர்க்க திருப்பி பழக்கினாங்க, அப்போ உருவத்த பாக்க ஆரம்பிச்சுது. ஓவியத்த பாத்துதான் அதுக்கு பார்வையே கொஞ்சம் மனுஷப் பார்வையா மாறுச்சு.

இப்போ இருக்கிற பெரிய ஏஐ படங்கள பத்தி என் அபிப்ராயம் கேட்டா, தீற்றல் அபாரம், கவனம் சுமார். மூலையில இருக்கிற இலைக்கும் முகத்துக்கும் ஒரே அக்கறை காட்டுற படம் இன்னும் நிறைய வருது.

கேள்வி: அப்போ ஓவியர்களுக்கு வேல போயிடுமா?

பதில்: கமர்ஷியல் வேலையில ஒரு பகுதிக்கு ஆபத்துதான், மறைச்சு பிரயோஜனம் இல்ல.

கேள்வி: அழகுக்கு தவிர இதனால வேற உபயோகம் உண்டா?

பதில்: உண்டு, மேல ரெம்பிராண்ட் பதில்ல வந்த அதே ஜேம்ஸ் என்ஸ் இதுலயும் இருக்கார். 2004-ல நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்து கிறிஸ்டஃபர் ஹீலி கூட சேந்து வானிலை தகவல ஓவியமா போட்டு காட்டினாங்க. ஒரு மேப்ல ஒவ்வொரு இடத்துக்கும் வெப்பநிலை, காத்து, மழைன்னு நாலஞ்சு எண் இருக்கும், அத்தனையையும் சாதா மேப்ல காட்டினா குப்பையாகிடும். இவங்க அந்த எண்கள ஸ்ட்ரோக்கோட நிறம், அளவு, சாய்வு, நெருக்கம்னு பிரிச்சு குடுத்தாங்க. எந்த அம்சத்த கண்ணு ஒரு நொடிக்குள்ள, தேடாமலே பிடிக்குது, எது எதுக்கு குறுக்க நிக்குதுன்னு முன்னாடியே ஆளுங்கள வச்சு சோதிச்சு பாத்துட்டுத்தான் பிரிச்சாங்க, ஏன்னா நிறம் கண்டபடி மாறிக்கிட்டு இருந்தா சாய்வு மாறுறது சட்டுனு தெரியாம போயிடும், அதனால ரொம்ப முக்கியமான எண்ணுக்கு ரொம்ப வலுவான அம்சம். வந்த படம் தூரத்துலேருந்து பாத்தா இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம், கிட்ட போனா எந்தப் பக்கம் மழை, எங்க குளிர்னு படிக்கலாம். கிராஃப் போடுற வேலையில இருக்கிறவங்க இத ஒரு தடவ தேடி பாத்துட்டு அடுத்த ரிப்போர்ட்ட போடுங்க, அதுக்காக ஆபீஸ் பட்ஜெட்ட மட்டும் மோனே பாணியில போட்டுடாதீங்க.